ஜார்ஜியா வரலாறும் நம்ம சர்வே கேம்ப்பும்

மலர்க் குழு நண்பர்கள் "ஏதாவது எழுதிக் குடுப்பா" என்று கேட்டபோது, விடுதி நினைவுகளைத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் சமீபத்தில் எனக்கு நேர்ந்த ஒரு சங்கடம் முந்திக்கொண்டு வந்து நிற்கிறது.

என் அக்கா மகள் ஜார்ஜியாவின் தலைநகர் திபிலிசியில் மருத்துவம் படிக்கிறாள். கல்லூரி விழாவில் அந்நாட்டு வரலாறு பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டுமாம். "மாமா, எழுதிக் குடுங்களேன்" என்றாள். அப்பாவின் அலமாரியில் இருந்த ஒரு சோவியத் காலத்துப் புத்தகத்தைப் பார்த்து, '1783-இல் ஜார்ஜியா தானே விரும்பி ரஷ்யாவுடன் இணைந்தது' என்று ஜோராக எழுதி அனுப்பிவிட்டேன். நல்லவேளை, மேடை ஏறுமுன் அதைத் தன் ஜார்ஜியத் தோழியிடம் காட்டினாள். அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டதாம். "மாமா, இது பாதிக் கதைதானாம்" என்று இரவு போன் வந்தது.

மீதிப் பாதியைத் தேடினேன். கிழக்கு ஜார்ஜியாவின் அரசர் இரண்டாம் எரெக்லே 1783-இல் ரஷ்யப் பேரரசி கேதரீனுடன் உடன்படிக்கை செய்தது உண்மை. பாரசீகமும் துருக்கியும் நெருக்கியதால் அவரே பாதுகாப்புக் கேட்டார். ஆனால் அரியணை அவர் வம்சத்துக்கே, உள்நாட்டு ஆட்சியில் ரஷ்யா தலையிடாது என்பதும் அதே உடன்படிக்கையில் இருக்கிறது. 1795-இல் பாரசீகத்தின் ஆகா முகமது கான் திபிலிசியைச் சூறையாடியபோது ரஷ்யப் படை உதவிக்கு வந்து சேரவில்லை. 1801-இல் ரஷ்யா அந்த அரசையே ஒழித்து, நாட்டைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. 'விரும்பி இணைந்தது' என்பவர் 1783-உடன் நிறுத்திவிடுகிறார். 'துரோகம்' என்பவர் எரெக்லே கேட்டுப் போனதைச் சொல்வதில்லை.

அப்போ ஜார்ஜியர் எழுதியதை மட்டும் நம்பலாமா? அவர்களுடைய பழைய வரலாற்றுத் தொகுப்பான 'கார்ட்லிஸ் த்ஸ்கோவ்ரெபா' அரசர்களின் பெருமை பேசுவது. 18-ஆம் நூற்றாண்டில் அரசர் ஆறாம் வக்தாங் ஓர் அறிஞர் குழுவை வைத்து அதைத் திருத்தியமைத்தார். எது பழசு, எது புதுசு என்று பின்னால் சந்தேகம் வந்தது. அதைத் தீர்க்க உதவியது அண்டை நாட்டுக்காரர்களான ஆர்மேனியர்கள் இடைக்காலத்திலேயே செய்து வைத்திருந்த மொழிபெயர்ப்பு!

2008 போர் பற்றி ஐரோப்பிய ஒன்றியம் அமைத்த குழு 2009-இல் அறிக்கை தந்தது. போர் ஜார்ஜியாவின் பீரங்கித் தாக்குதலோடு தொடங்கியது என்றது. ரஷ்யாவின் பதிலடி தற்காப்பின் எல்லையைத் தாண்டியது என்றும் அதே அறிக்கை சொன்னது. ஆளுக்குப் பாதியை எடுத்துக் காட்டுகிறார்கள்.

நம் சர்வே கேம்ப் நினைவிருக்கிறதா? வெயிலில் லெவல் எடுத்து முடித்துக் கிளம்பப் பார்த்தால் சார் விடமாட்டார். "ஆரம்பிச்ச பெஞ்ச் மார்க்குக்கே திரும்பி வந்து செக் பண்ணுப்பா" என்பார். வரலாற்றுக்கும் அதே விதிதான். எழுதியவர் யார், எப்போது, யாருடைய ஆதரவில் எழுதினார் என்று பாருங்கள். எதிர்த்தரப்பு நூல் ஒன்றையும், வெளியார் ஒருவரின் ஆய்வையும் பக்கத்தில் வையுங்கள். முடிந்தால் மூல ஆவணத்தையே படியுங்கள். கணக்கு எங்கே இடிக்கிறதோ, அங்கேதான் தோண்ட வேண்டும்.

திருத்தி எழுதியதை அக்கா மகள் மேடையில் படித்தாள். முதலில் கைதட்டியது அந்தத் தோழிதானாம். இப்போது படிக்கும் தம்பி தங்கைகளே, ஒரு நாட்டின் கதையை எழுதும்போது, அந்த நாட்டுக்காரர் ஒருவர் எதிரே உட்கார்ந்து கேட்பதாக நினைத்துக்கொண்டு எழுதுங்கள்.