சுங்குடி முடிச்சும் கட்டிய கைகளும்

மலருக்கு ஏதாவது ஒரு கைத்தொழிலின் வரலாறு எழுதச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்தது மதுரை சுங்குடிதான். அதுவும் போன வருசம் கண்காட்சியில் ஒரு அவமானம் பட்ட பிறகுதான் ஒழுங்காகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அன்றைக்கு எங்கள் குழு கடையில் "கைமுடிச்சு சுங்குடி" என்று எழுதி வைத்து விற்றோம். ஒரு வியாபாரி அப்படிச் சொல்லித்தான் மொத்தமாகக் கொடுத்திருந்தார். வயசான ஒரு அம்மா சேலையை விரித்துப் புள்ளியைத் தடவிப் பார்த்து, "ஏம்மா, இது அச்சுல போட்டது. முடிச்சுன்னு சொல்லி விக்கிறியே"ன்னு கேட்டுட்டாங்க. மூஞ்சிய எங்கே வச்சுக்கிறதுன்னு தெரியல. ஏன்னா என் பெரியம்மாவே சிம்மக்கல்லில் இருபது வருசம் முடிச்சுக் கட்டினவங்க. சின்னப் பிள்ளையில் லீவுக்குப் போனால் நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கேன். அப்படி இருந்தும் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

சுங்குடியை மதுரைக்குக் கொண்டு வந்தவர்கள் சௌராஷ்டிர மக்கள். குஜராத் பக்கத்தில் இருந்து தலைமுறை தலைமுறையாகத் தெற்கே நகர்ந்து வந்தவர்கள். நாயக்க மன்னர்கள் காலத்தில் மதுரையில் நிலைத்தார்கள். மகாலைச் சுற்றி இன்றைக்கும் அவர்கள் தெருக்கள் இருக்கின்றன. குஜராத்தில் பாந்தனி என்று சொல்வதும் இந்த முடிச்சு வேலைதான். அங்கே பட்டிலும் போடுவார்கள். நம்ம ஊர் வெயிலுக்கு இங்கே பருத்தியில் வந்தது. அந்தக் காலத்தில் சிவப்புக்குச் சாயவேர், நீலத்துக்கு அவுரி, சாயம் பிடிக்கக் கடுக்காய். வைகைத் தண்ணியில் அலசினால்தான் நிறம் பளிச்சுன்னு நிக்கும்னு பெரியம்மா சொல்லுவாங்க. இப்போது வைகையில் அலச எங்கே தண்ணி இருக்கு!

பெரியம்மாவுக்கு வேலை கற்றுக்கொடுத்தது பக்கத்து வீட்டு சௌராஷ்டிரப் பாட்டி. துணியை மடித்து, புள்ளி வைத்த இடத்தை நகத்தால் கிள்ளித் தூக்கி, நூலை இறுக்கமாகச் சுற்றி முடிச்சுப் போட வேண்டும். இதற்காகவே நகம் வளர்த்திருந்தாங்க. முடிச்சுப் போட்ட இடத்தில் சாயம் ஏறாது. சாயத்தில் முக்கி, காயவைத்து, ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்தால் முடிச்செல்லாம் படபடவென்று தெறித்துப் புள்ளி திறக்கும். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கு. நெருக்கமாகப் போட்டால் ஒரு சேலைக்குப் பத்தாயிரம் முடிச்சுக்கு மேல் போகும். சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, மிச்ச நேரத்தில் கட்டுவதால் ஒரு சேலைக்குப் பதினைந்து நாளும் ஆகும், அதற்கு மேலும் ஆகும்.

கூலி? முடிச்சுக் கணக்குத்தான். எண்ணிப் பார்த்து வாங்குவார்கள், விட்டுப்போன புள்ளிக்குப் பிடித்துக்கொள்வார்கள். கழுத்து வலிக்கும் கண் எரிச்சலுக்கும் கணக்கு இல்லை. துணி, சாயம், விற்பனை எல்லாம் வேறு கையில் இருந்தது. கட்டினவங்க பேரு எந்தச் சேலையிலும் இல்லை.

1869 வாக்கிலேயே ஜெர்மனியில் சாயவேர்ச் சிவப்பைத் தொழிற்சாலையில் செய்யக் கண்டுபிடித்துவிட்டார்கள். பிறகு அந்தச் சாயம் இங்கேயும் வந்தது, சாயவேர் போனது. அதனால் முடிச்சு போகவில்லை. முடிச்சைத் தின்றது மெழுகு அச்சும் ஸ்கிரீன் அச்சும்தான். பதினைந்து நாள் வேலை ஒரே நாளில் முடிந்தால் யார் கூலி கொடுத்துக் கட்டுவார்கள்? பெரியம்மாவுக்கும் துணி வருவது குறைந்து, ஒருநாள் நின்றே போச்சு.

2005ல் மதுரை சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல விசயம்தான். ஆனால் அது பேருக்குத்தான் காவல். கட்டுறவங்க கூலியை அது உயர்த்தாது.

ஆப்பிரிக்காவில் நைஜீரியாவிலும் இதே மாதிரி முடிச்சுக் கட்டி அவுரியில் முக்கும் துணி இருக்கிறது, அதிரே என்று பெயர். அபேகுட்டா என்ற ஊரில் கட்டியதும் பெண்கள், சாயப்பானை வைத்திருந்ததும் பெண்கள், சந்தையில் விற்றதும் பெண்கள். இதைப் படித்தபோது எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

வாங்கும்போது பார்க்க வேண்டியதை பெரியம்மா சொன்னபடி எழுதுகிறேன். ஸ்கிரீன் அச்சு என்றால் பின்பக்கம் வெளுத்திருக்கும். மெழுகு அச்சில் இரண்டு பக்கமும் நிறம் வரும், ஆனால் புள்ளி எல்லாம் ஒரே அளவு. கைமுடிச்சில் ஒன்று பெரிசு ஒன்று சிறிசு, ஓரம் கொஞ்சம் கலங்கியிருக்கும். இஸ்திரி போடாத துணியில் புள்ளி சுருங்கி மேலே எழும்பி நிற்கும். அச்சு சேலை விற்பது தப்பில்லை, அச்சு என்று சொல்லி விற்கணும். நாங்களும் பலகையை மாற்றி எழுதிவிட்டோம்.

இப்போது குழுவில் நாலு பேர் செவ்வாய்க்கிழமை மத்தியானம் சிம்மக்கல் போய்ப் பெரியம்மாவிடம் கற்றுக்கொள்கிறோம். முதல் கைக்குட்டையில் நூறு முடிச்சுப் போடவே எனக்கு இரண்டு நாள் ஆச்சு, அதிலும் பதினொன்று சாயத்தில் அவிழ்ந்துபோச்சு. அடுத்த கூட்டத்தில் ஒரு முடிச்சுக்கு எவ்வளவு கூலி வைப்பது என்று பேசப்போகிறோம். இந்த முறை அதை நாமே வைக்கணும்னு பெரியம்மா சொல்லிட்டாங்க.