மார்பகப் புற்றுநோய்க்குப் பின் உணவு: மாத்தளைச் சமையலறைகளுக்குச் சில வார்த்தைகள்

இலங்கைப் பெண்களிடம் மிக அதிகமாகக் கண்டறியப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய்தான். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து முறையாகச் சிகிச்சை பெற்ற பெண்களில் பெரும்பாலானோர் பல ஆண்டுகள் நலமாக வாழ்கிறார்கள். சத்திரசிகிச்சையும் கீமோவும் முடிந்து வீடு திரும்பும் ஒரு தாய் முதலில் கேட்பது, "இனி நான் என்ன சாப்பிடலாம்? எதை விட வேண்டும்?" என்பதைத்தான்.

மாத்தளையில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆட்களுக்குக் குறைவில்லை. சீனியை அடியோடு நிறுத்தினால் புற்று பட்டினி கிடந்து செத்துவிடும் என்பார் ஒருவர். சோயா மீட் விஷம் என்பார் இன்னொருவர். கட்டு அனோதா இலையை அவித்துக் குடிக்கச் சொல்லி வட்ஸ்அப்பில் செய்தி வரும். வாசனைத் திரவியத் தோட்டங்கள் நிறைந்த மாவட்டம் என்பதால் மஞ்சள், மிளகு, கருஞ்சீரகம் பற்றிய ஆலோசனைகளும் தாராளமாகக் கிடைக்கும். எங்கள் குடும்பத்திலும் இந்நோயைக் கடந்து வந்தவர்கள் உண்டு. அவர்களுக்காகத் தேடி வாசித்தவற்றில் உறுதியானவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

ஆய்வுகள் சொல்வது என்ன?

உணவுக்கும் இந்நோய்க்குப் பின்னரான ஆயுளுக்கும் தொடர்பு உண்டா என்பதை அமெரிக்காவில் இரண்டு பெரிய ஆய்வுகள் நேரடியாகச் சோதித்தன. முதலாவது ஆய்வில் மாதவிடாய் நின்றிருந்த அல்லது அந்த வயதை நெருங்கிய 2,437 பெண்கள் பங்கேற்றார்கள். ஒரு பகுதியினர் தினமும் உண்ணும் கொழுப்பின் அளவை ஏறக்குறைய 57 கிராமிலிருந்து 33 கிராமாகக் குறைத்தார்கள். 2006இல் முடிவு வெளியானபோது, அவர்களில் 9.8 சதவீதத்தினருக்கு நோய் திரும்பியிருந்தது. வழமையான உணவு உண்டவர்களில் அது 12.4 சதவீதம்.

இரண்டாவது ஆய்வின் முடிவு 2007இல் வந்தது. அதில் 3,088 பெண்கள் இருந்தார்கள். ஒரு பகுதியினர் மரக்கறி, பழம், நார்ச்சத்து ஆகியவற்றை மிக அதிகமாக உண்டார்கள். ஏழு ஆண்டுகளுக்கு மேல் கவனித்தும் வித்தியாசம் தெரியவில்லை. ஒரு குழுவில் 16.7 சதவீதத்தினருக்கும் மற்றதில் 16.9 சதவீதத்தினருக்கும் நோய் திரும்பியது.

இரண்டும் முரண்படுவது போலத் தோன்றும். ஆனால் முதல் ஆய்வில் கொழுப்பைக் குறைத்த பெண்களின் உடல் எடையும் சராசரியாக இரண்டரை கிலோவுக்கு மேல் குறைந்திருந்தது. இரண்டாவது ஆய்வில் எடையில் சொல்லும்படியான மாற்றம் ஏற்படவில்லை. மரக்கறியை எவ்வளவு கூட்டினோம் என்பதைவிட எடை என்னவானது என்பதே முக்கியமாக இருக்கலாம் என ஆய்வாளர் பலர் கருதுவது இதனால்தான். 2014இல் 82 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான நோயாளர்களின் தரவுகளைப் பார்த்தபோதும் இதே திசையில்தான் முடிவு வந்தது. அளவான எடை உள்ளவர்களோடு ஒப்பிடும்போது, அதிக பருமன் உள்ளவர்களிடம் இறப்பு 41 சதவீதம் அதிகமாக இருந்தது.

காரணத்தையும் ஓரளவு விளக்கலாம். மாதவிடாய் நின்ற பிறகு பெண்ணின் உடலில் ஈஸ்ட்ரஜன் ஓமோன் பெரும்பாலும் கொழுப்புத் திசுவில்தான் உருவாகிறது. மார்பகப் புற்றுநோய்களில் பெரும்பாலானவை அந்த ஓமோனைக் கொண்டு வளர்பவை. வயிற்றைச் சுற்றிக் கொழுப்புக் கூடும்போது இன்சுலினும் உயர்கிறது. அதுவும் கலங்களை வளரத் தூண்டும்.

எங்கள் சாப்பாட்டுத் தட்டு

அப்படியானால் மாத்தளையில் ஒரு குடும்பம் எதை மாற்றலாம்? வெளிநாட்டுப் பழமும் விலை கூடிய மாப்பொருளும் தேவையில்லை. நாட்டின் மரக்கறிக்குப் பெரிய சந்தையான தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையம் எங்கள் மாவட்டத்துக்குள்ளேதான் இருக்கிறது. வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கை இலை, பருப்பு, கடலை, மீன் எல்லாம் நாம் அறிந்த உணவுகளே.

மாற்ற வேண்டியது அளவை. மலை போல் சோறு, ஓரத்தில் கொஞ்சம் கீரை என்ற கணக்கைத் திருப்பிப் போடலாம். தவிட்டோடு கூடிய சிவப்பரிசி நல்லது. கெட்டித் தேங்காய்ப்பால் கறியை ஒன்றாகக் குறைத்து, மற்றதை வறையாகவோ தண்ணீர்ச் சொதியாகவோ ஆக்கலாம். மாலையில் தேநீரோடு ரோல்ஸ், பட்டிஸ், சமோசா சாப்பிடும் பழக்கமும், நாளுக்கு நாலைந்து தடவை சீனி போட்டுக் குடிக்கும் தேநீரும்தான் பல வீடுகளில் எடையை ஏற்றுகின்றன. வலீமா சாப்பாட்டை யாரும் தடுக்கத் தேவையில்லை. அந்தச் சாப்பாடே ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வீட்டில் ஆக்கப்படும்போதுதான் பிரச்சினை.

உணவோடு நடையும் வேண்டும். வாரத்துக்கு 150 நிமிட நடை என்பது பொதுவான பரிந்துரை. பிள்ளையைப் பாடசாலைக்குக் கூட்டிச்சென்று திரும்புவதும் அதில் சேரும்.

சோயாவைப் பற்றிய பயம் தேவையற்றது. சீனாவின் ஷங்காய் நகரில் 5,042 நோயாளர்களைக் கவனித்து 2009இல் வெளியான ஆய்வில், சோயா உணவை அதிகம் உண்டவர்களிடம் இறப்பும் நோய் திரும்புவதும் குறைவாகவே இருந்தன. எனினும் பக்கெட்டில் வரும் சோயா மீட்டின் மசாலாவில் உப்பு அதிகம் என்பதைக் கவனியுங்கள்.

மஞ்சளும் மிளகும்

கறியில் போடும் மஞ்சளால் ஆபத்தில்லை. மஞ்சள் சத்தையும் மிளகுச் சத்தையும் செறிவாக்கி மாத்திரையாக விழுங்குவது வேறு விடயம். ஓமோனைக் கொண்டு வளரும் புற்றுநோய்க்குப் பலருக்கும் டெமொக்ஸிஃபென் மாத்திரை கொடுக்கப்படுகிறது. நெதர்லாந்தில் 16 பெண்களிடம் செய்து 2019இல் வெளியான சிறிய ஆய்வொன்றில், அந்த மாத்திரையோடு மஞ்சள், மிளகுச் சத்துகளைச் சேர்த்து எடுத்தபோது, மருந்தின் வேலை செய்யும் வடிவம் இரத்தத்தில் 12 சதவீதம் அளவுக்குக் குறைந்தது.

அந்த மாத்திரையின் பெறுமதி சாதாரணமானதல்ல. உரிய நோயாளர்கள் அதை ஐந்து ஆண்டுகள் எடுத்தால் 15 ஆண்டுகளில் இந்நோயால் ஏற்படும் இறப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவதாக 2011இல் வெளியான பெரிய தொகுப்பாய்வு காட்டியது. எந்த உணவுக்கும் இந்த அளவு பலன் நிரூபிக்கப்படவில்லை. கஷாயத்தை நம்பி மாத்திரையை நிறுத்துபவர் இதைத்தான் கைவிடுகிறார். எதைக் குடித்தாலும், எந்தப் பொடியை எடுத்தாலும் கிளினிக்கில் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

சிகிச்சைக் காலம் வேறு

எடையைக் குறைக்கும் பேச்செல்லாம் சிகிச்சை முடிந்த பிறகுதான். கீமோ நடக்கும்போது வாய் கசக்கும், குமட்டும். அப்போது உடம்புக்குப் புரதமும் சக்தியும் தேவை. முட்டை, மீன், கோழி, பருப்பு, தயிர் ஆகியவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை கொடுங்கள். வெள்ளைக் குருதிக் கலங்கள் குறையும் காலம் என்பதால் நன்றாக வேகவைத்த உணவும் கொதித்தாறிய தண்ணீரும் அவசியம்.

சீனியை நிறுத்தினால் புற்று சாகாது. உடலின் எல்லாக் கலங்களும் குளுக்கோஸைப் பயன்படுத்துகின்றன. சோற்றிலிருந்தும் பழத்திலிருந்தும்கூட உடல் அதை எடுத்துக்கொள்ளும். சீனியைக் குறைப்பது எடைக்கு நல்லது, அவ்வளவுதான். அதற்குப் பயந்து நோயாளியைப் பட்டினி போட்டால் அடுத்த கீமோவைத் தாங்கும் பலம் இருக்காது.

ரமழானில் இன்னொரு சிக்கல் வருகிறது. சிகிச்சையில் இருக்கும் சில தாய்மார் பிடிவாதமாக நோன்பு பிடிக்கிறார்கள். நோயாளிக்குரிய சலுகையை சூரா அல்பகராவின் 184, 185ஆம் வசனங்கள் தெளிவாகவே தருகின்றன. வைத்தியரிடம் கேட்டு முடிவெடுங்கள். நோன்பை விட்டதற்காக அந்தத் தாயை வீட்டில் யாரும் மனம் நோகப் பேசாதிருப்பது அதைவிட முக்கியம்.

குடும்பத்தாருக்கு

நோயுற்ற பெண்ணுக்கு மட்டும் தனிச் சட்டியில் எண்ணெய் குறைத்துச் சமைக்கும் ஏற்பாடு நீடிக்காது. பெரும்பாலும் சமைப்பதே அவர்தான். எல்லோருக்கும் பொரித்துக் கொடுத்துவிட்டுத் தான் மட்டும் கீரை சாப்பிட அவரால் எத்தனை நாள் முடியும்? கணவனும் பிள்ளைகளும் அதே தட்டுக்கு மாற வேண்டும். அதே உணவு நீரிழிவு, இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் பொருந்தும்.

35 வயதைக் கடந்த சகோதரிகள் தங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் சுகவனிதையர் கிளினிக்குக்கு ஒருமுறையாவது செல்லுங்கள். மார்பில் கட்டி தெரிந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். சிகிச்சை பெறுபவர்கள் மாத்திரையையும் கிளினிக் திகதியையும் தவறவிடாதீர்கள். நல்ல உணவு அந்தச் சிகிச்சைக்குத் துணை நிற்கும். அதன் இடத்தைப் பிடிக்க உணவால் முடியாது.