பில்லியன்

நூறு கோடியைக் குறிக்கும் ஆங்கில எண்ணுப்பெயர். 1-க்குப் பின் 9 சுழியங்கள். பழைய பிரிட்டிஷ் நூல்களில் இதே சொல் லட்சம் கோடியை, அதாவது 12 சுழியங்கள் கொண்ட எண்ணைக் குறித்தது. ஒன்றுக்கொன்று ஆயிரம் மடங்கு வேறுபட்ட இரு பொருள்கள் ஒரே சொல்லில் தங்கியதே குழப்பத்தின் வேர்.

பிரெஞ்சுக் கணித அறிஞர் நிக்கோலா ஷூக்கே 1484-இல் எழுதிய நூலில் இது மில்லியன் மடங்கு மில்லியன். பின்னர் பிரான்சிலேயே சிலர் ஆயிரம் மில்லியனை இப்பெயரால் வழங்க, அமெரிக்கா அந்த வழக்கைப் பின்பற்றியது. பிரிட்டன் பழைய பொருளிலேயே நின்றது. அரசுப் புள்ளிவிவரங்களில் ஆயிரம் மில்லியன் என்ற பொருளே கொள்ளப்படும் என்று பிரதமர் ஹெரால்டு வில்சன் 1974 டிசம்பரில் நாடாளுமன்றத்துக்கு எழுத்துமூலம் தெரிவித்தார். ஆகவே பழைய பிரிட்டிஷ் நூலைப் படிப்பவர், அது வெளியான ஆண்டைப் பார்க்காமல் தொகையைக் கணக்கிடக் கூடாது.

ஜெர்மன், ஸ்பானிய மொழிகளில் இதன் இணைச்சொற்கள் இன்றும் லட்சம் கோடியையே குறிக்கின்றன. ஜெர்மனில் நூறு கோடிக்கு ‘மில்லியார்டே’ என்று தனிச்சொல் உண்டு. மொழிபெயர்ப்பாளர் மிகவும் விழிப்பாக இருக்க வேண்டிய இடம் இது.

ஆங்கிலத்தில் எண்ணை அடுத்து வரும்போது இச்சொல் பன்மை விகுதி ஏற்பதில்லை: ‘ஃபைவ் பில்லியன் டாலர்ஸ்’. திட்டமான எண் இல்லாதபோது ‘பில்லியன்ஸ் ஆஃப் டாலர்ஸ்’ என வரும். தமிழ்நாட்டு வாசகருக்கான செய்தியில் 2.5 பில்லியனை 250 கோடி என்று மாற்றி எழுதுவதே நன்று. கோடிக்குப் பழகியவருக்குத் தொகையின் அளவு உடனே விளங்கும்.