நிவாரணப் பணியில் கைபேசிக் கணக்கெடுப்பு: பயனும் பாதுகாப்பும்

2017 ஆகஸ்டுக்குப் பின் மியான்மரிலிருந்து 7 லட்சத்துக்கும் அதிகமான ரோஹிங்கியா மக்கள் உயிர் தப்பி, பங்களாதேஷின் காக்ஸ் பஜார் பகுதியில் தஞ்சம் புகுந்தனர். எந்தக் குடும்பத்தில் எத்தனை பேர், யார் கர்ப்பிணி, யாருக்குக் குடிநீர் எட்டவில்லை என்று தெரியாமல் இத்தனை பேருக்கு நிவாரணத்தை நியாயமாகப் பங்கிட முடியாது.

முன்பெல்லாம் இத்தகைய விவரங்களைத் தாளில் எழுதி வந்து, கணினியில் மறுபடியும் பதிவார்கள். அதற்குள் முகாமின் நிலைமை மாறிவிடும். இன்று பணியாளர் கைபேசியிலேயே கேள்விகளைத் திறந்து பதில்களைப் பதிகிறார். இணையம் இல்லாத இடத்திலும் இது வேலை செய்யும். சிக்னல் கிடைத்ததும் விவரங்கள் தலைமையகம் சேரும். வயதை 200 என்று தவறாகப் பதிந்தால் ஏற்காதபடியும் படிவத்தை அமைக்கலாம். 2008இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய 'ஓப்பன் டேட்டா கிட்', அதை அடிப்படையாகக் கொண்டு உருவான 'கோபோ டூல்பாக்ஸ்' ஆகிய மென்பொருள்கள் இதற்குப் பரவலாகப் பயன்படுகின்றன.

ஆனால் திரட்டிய விவரம் யார் கைக்குப் போகிறது?

அகதிகளிடமிருந்து ஐ.நா. அகதிகள் அமைப்பு திரட்டிய விவரங்கள் முறையான சம்மதமின்றிப் பங்களாதேஷ் அரசு வழியாக மியான்மருக்கே சென்றன என்று 2021 ஜூனில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் குற்றம் சாட்டியது. 2018 முதல் 2021 வரை குறைந்தது 8,30,000 பெயர்கள், கைரேகை போன்ற உடல் அடையாளங்களுடன் அனுப்பப்பட்டதாக அது கூறியது. நோக்கத்தை விளக்கிச் சம்மதம் பெற்றதாக ஐ.நா. அமைப்பு மறுத்தது. எந்த அரசுக்கு அஞ்சி ஓடி வந்தார்களோ, அதன் கையிலேயே தம் பெயர்ப் பட்டியல் இருப்பது அம்மக்களுக்கு எத்தகைய அச்சத்தைத் தரும்!

2022 ஜனவரியில் வேறொரு பாடம் கிடைத்தது. சர்வதேசச் செஞ்சிலுவைக் குழுவின் கணினிகளுக்குள் ஊடுருவியவர்கள் 5,15,000க்கும் அதிகமானோரின் விவரங்களை எட்டினர். காணாமல் போனோரும் உறவுகளைப் பிரிந்தோரும் அதில் இருந்தனர்.

எனவே தேவையானதை மட்டுமே கேட்க வேண்டும். எதற்காக, யாருக்காக என்பதை அவர்கள் மொழியிலேயே சொல்ல வேண்டும். விவரம் பகிர மறுப்பவருக்கு உணவை மறுக்கக் கூடாது. வேலை முடிந்ததும் அழித்துவிட வேண்டும்.

நிவாரண அமைப்புகளுக்கு நன்கொடை தரும் நாமும் இவற்றைக் கேட்கலாம். பணம் மட்டுமல்ல, ஏழையின் பெயரும் கைரேகையும்கூட அமானிதமே.