கீழே கடை வேலைக்குப் போகும் பிள்ளைகளும் 1947ஆம் ஆண்டுச் சட்டமும்

கொஞ்சம் நீளமான பதிவு. வரலாற்று வாத்தியாரைச் சுருக்கமாக எழுதச் சொன்னால் நடக்காது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

நம் கொல்லிமலைப் பிள்ளைகள் பிளஸ் டூ முடித்த கையோடு 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, நாமக்கல், சேலம், கோவை, சென்னை என்று ஜவுளிக்கடைகளுக்கும் சூப்பர் மார்க்கெட்டுகளுக்கும் போகிறார்கள். ஊருக்கு வரும்போது விசாரித்தால் "சேல்ஸ் வேலை சார்" என்பார்கள். எத்தனை மணி நேரம் வேலை, வாரத்தில் என்றைக்கு லீவு, பி.எஃப். உண்டா என்று கேட்டால் பதில் வராது. "போகப் போகச் சொல்வாங்க சார்" என்பார்கள்.

இதைப் பிள்ளைகளின் வெகுளித்தனம் என்று சிலர் சிரிக்கிறார்கள். எனக்கு அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. சோளக்காட்டுச் சந்தையில் பலாவும் அன்னாசியும் மிளகும் விற்கிற குடும்பத்துப் பிள்ளைக்கு, பொழுது சாய்ந்தால் வேலை முடிந்தது. கூலி என்றால் அன்றைக்கே கையில் வரும். ஷிப்ட், பிடித்தம், வீக்லி ஆஃப் எல்லாம் அடிவாரத்தில் இருந்து ஏறி வந்த சொற்கள்.

சரி, வரலாற்றுக்கு வருகிறேன். ஆலைத் தொழிலாளியின் வேலை நேரத்தைப் பற்றி நம் பாடப்புத்தகங்களில் நிறைய உண்டு. 1881இல் முதல் தொழிற்சாலைச் சட்டம், 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம், 1923இல் சிங்காரவேலர் கொண்டாடிய மே தினம் என்று நானே வருடா வருடம் நடத்தியிருக்கிறேன். கடைச் சிப்பந்தியைப் பற்றி ஒரு வரி இருக்காது. காரணம் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆலைக்குச் சங்கு உண்டு. ஊதினால் உள்ளே, ஊதினால் வெளியே. எத்தனை மணி நேரம் என்பது ஊருக்கே கேட்கும். கடைக்குச் சங்கு கிடையாது. கடைசி வாடிக்கையாளர் எப்போது போகிறாரோ அப்போதுதான் முடிவு. அவர் போன பிறகும் பிரித்துப் போட்ட புடவைகளை மடிக்க வேண்டும், ஸ்டாக் பார்க்க வேண்டும், கூட்ட வேண்டும். அந்த நேரத்தை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

இங்கிலாந்திலும் இதே கதைதான். 1886இல் அங்கே கடை நேரச் சட்டம் ஒன்று வந்தது. 18 வயதுக்குக் குறைந்தவர்களை வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்றது. 74! அதுவே அன்றைக்குப் பெரிய சீர்திருத்தம். ஜவுளிக்கடைச் சிப்பந்திகள் கடை முதலாளி கொடுத்த விடுதியிலேயே தங்கி, அவர் போட்ட சாப்பாட்டைச் சாப்பிட வேண்டும். அதற்கும் சம்பளத்தில் கணக்கு. தாமதமாக வந்தால் அபராதம், பில்லில் தப்பு செய்தால் அபராதம். எச்.ஜி. வெல்ஸ் என்ற எழுத்தாளர் 1880களின் தொடக்கத்தில் சவுத்சீ ஊரில் அப்படியொரு ஜவுளிக்கடையில் பயிற்சிப் பையனாக இருந்தவர். பின்னால் 'கிப்ஸ்' என்ற நாவலில் அந்த வாழ்க்கையை எழுதினார். மார்கரெட் பான்ட்ஃபீல்டு என்ற பெண்மணியும் கடைச் சிப்பந்தியாகத் தொடங்கியவர்தான். கடைகளின் நிலைமையை ஆராய்ந்து எழுதி, சங்கம் கட்டி, 1929இல் தொழிலாளர் துறை அமைச்சராக பிரிட்டனின் அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண் ஆனார்.

வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' 2010இல் வந்தபோது, ரங்கநாதன் தெருக் கடைகளில் இப்படியா நடக்கிறது என்று பலர் அதிர்ந்தார்கள். எனக்கு அந்த விடுதிக் காட்சிகளைப் பார்த்ததும் விக்டோரியா காலத்து லண்டன்தான் நினைவுக்கு வந்தது. நூறு வருடம் தள்ளி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தியாவில் பம்பாய் மாகாணம் 1939இல் கடைகளுக்கென்று சட்டம் கொண்டுவந்தது. நம் சென்னை மாகாணத்துச் சட்டம் 1947ஆம் ஆண்டின் 36ஆவது சட்டம். இன்றைக்குத் 'தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம்' என்று பெயர். சுதந்திரம் வந்த வருடத்துச் சட்டம், கடையில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் அது சேர வேண்டியது. ஆனாலும் அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்த ஒரு சிப்பந்தியைக்கூட நான் இன்னும் பார்க்கவில்லை.

அதில் இருப்பது இதுதான். நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. ஓவர்டைம் சேர்த்தாலும் நாளுக்கு 10ஐத் தாண்டக் கூடாது, அந்தக் கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி. நான்கு மணி நேரம் தொடர்ந்து வேலை செய்தால் ஒரு மணி நேரம் ஓய்வு. வாரம் ஒரு நாள் விடுமுறை. ஒரு வருடம் முடித்தவருக்குச் சம்பளத்தோடு 12 நாள் விடுப்பு. அதுபோக நோய்க்கு 12 நாள், தற்செயல் விடுப்பு 12 நாள். இந்த இரண்டுக்கும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டாம், முதல் வருடத்திலேயே உண்டு. ஆறு மாதத்துக்குக் குறையாமல் வேலை செய்தவரைத் தகுந்த காரணமும் ஒரு மாத முன்னறிவிப்பும் இல்லாமல் அனுப்ப முடியாது. முன்னறிவிப்பு இல்லையென்றால் அதற்கு ஈடான சம்பளம். 1958இல் வந்த இன்னொரு சட்டத்தின்படி குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, மேலும் ஐந்து பண்டிகை நாள்கள் சம்பளத்தோடு விடுமுறை.

இப்போது நடப்பைப் பாருங்கள். என்னிடம் படித்த ஒரு பெண் கீழே ஒரு கடையில் சேர்ந்தாள். கடை பெயர் வேண்டாம். காலை ஒன்பதரைக்கு நிற்க வேண்டும், இரவு ஒன்பதரைக்கு ஷட்டர் இறங்கும். சாப்பாட்டுக்கு அரை மணி. ஒரு நாள் வராவிட்டால் இரண்டு நாள் சம்பளம் கட். "அதுதான் ரூல்ஸாம் சார்" என்றாள். யாருடைய ரூல்ஸ்? வராத நேரத்துக்குரிய கூலியைத்தான் பிடிக்கலாம், அதற்கு மேல் பிடிக்கச் சட்டத்தில் இடமில்லை. பன்னிரண்டு மணி நேரத்தில் இடைவேளையைக் கழித்தாலும் மூன்றரை மணி நேரம் ஓவர்டைம். இரட்டைக் கூலி என்ற பேச்சை அவள் கேள்விப்பட்டதே இல்லை.

சம்பளச் சீட்டு விவகாரம் தனி. பத்துப் பேருக்குக் குறையாத கடையில், மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குபவருக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு. தொழிலாளியிடம் பிடிப்பது 0.75 சதவீதம்தான், முதலாளி போடுவது 3.25. அதைக் 'கட்டிங்' என்று பயந்து, "எனக்கு வேண்டாம், முழுச் சம்பளமும் கையில் கொடுங்க" என்று கேட்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அதைக் கேட்டு உள்ளுக்குள் மகிழும் முதலாளிகளும் இருக்கிறார்கள். நாளைக்குப் பிரசவம், ஆபரேஷன் என்று வரும்போதுதான் அந்த 0.75இன் அருமை தெரியும்.

எல்லாக் கடைக்காரர்களையும் நான் குற்றம் சொல்லவில்லை. அண்ணன், தம்பி, இரண்டு பையன்கள் என்று நடத்தும் மளிகைக்கடைக்காரர் தானும்தான் பதினான்கு மணி நேரம் நிற்கிறார். ஆனால் ஐந்து மாடிக் கடைக்கு அந்த நியாயம் பொருந்தாது.

2019 மே மாதம் தமிழக அரசு, பத்துப் பேருக்குக் குறையாத கடைகள் 24 மணி நேரமும் வருடம் முழுக்கத் திறந்திருக்கலாம் என்று ஆணை போட்டது. பிறகு நீட்டிக்கவும் செய்தது. கடைக்குத்தான் லீவு இல்லை, ஆளுக்கு உண்டு. சுழற்சி முறையில் வார விடுமுறை தர வேண்டும் என்பது அதே ஆணையின் நிபந்தனை. பெண்களை இரவு 8 மணிக்கு மேல் நிறுத்த அவர்களின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும். ஆணையின் முதல் பாதி போர்டில் விளக்குப் போட்டு எரிகிறது, மறு பாதியைக் காணவில்லை.

உட்காரும் கதையையும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் 1899இலேயே, மூன்று பெண் சிப்பந்திகளுக்கு ஓர் இருக்கையாவது வேண்டும் என்று சட்டம் வந்தது. நம் பக்கத்தில் அதைத் தொடங்கி வைத்தவர்கள் கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவின் பெண்கள். விஜி என்ற தையல் தொழிலாளி 'பெண்கூட்டு' என்ற அமைப்பைக் கட்டினார். முதல் கோரிக்கை கழிப்பறை, அடுத்து உட்கார ஓர் இடம். 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் நம் சட்டமன்றத்திலும் அதே திருத்தம் வந்தது. அது 22-ஏ என்ற பிரிவாக 1947ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் இருக்கிறது. சில கடைகளில் ஸ்டூல் வந்துவிட்டது. உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைக்கிறாராம். கேமராவும் இருக்கிறதாம்.

2024 ஜூலை முதல் பத்துப் பேருக்குக் குறையாத கடைகள் தொழிலாளர் துறையில் பதிவு செய்தாக வேண்டும். 2025 நவம்பர் 21இல் ஒன்றிய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நியமனக் கடிதம் தரச் சொல்கின்றன. எனக்கு வேலை கிடைத்தபோது கையில் ஓர் ஆணை கொடுத்தார்கள். சம்பளம், பதவி எல்லாம் அதில் இருந்தது. அந்தத் தாளை வைத்துத்தான் என் கல்யாணமே பேசினார்கள். கடைக்குப் போகும் பிள்ளைக்கும் ஒரு தாள் வேண்டும்.

சேரும்போது கேட்க வேண்டியவற்றை ஒரே பக்கத்தில் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். நேரம், வார விடுப்பு, ஓவர்டைம், ஈ.எஸ்.ஐ., பி.எஃப்., தங்கும் விடுதிக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. செம்மேட்டில் ஜெராக்ஸ் கடையில் ஐம்பது பிரதி கொடுத்திருக்கிறேன், காசு வேண்டாம். வெளியூரில் இருப்பவர்கள் இன்பாக்ஸில் கேளுங்கள், போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.