ரொமேஷ் தாப்பர் எதிர் சென்னை அரசு (1950)

பத்திரிகைச் சுதந்திரம் பற்றி இந்திய உச்ச நீதிமன்றம் வழங்கிய முதல் பெரும் தீர்ப்புகளுள் ஒன்று. பம்பாயில் ரொமேஷ் தாப்பர் நடத்திய இடதுசாரி ஆங்கில வார இதழ் ‘கிராஸ் ரோட்ஸ்’. சென்னை பொது ஒழுங்கு பராமரிப்புச் சட்டத்தின் (1949) 9(1-அ) பிரிவின்கீழ், 1950 மார்ச் 1 தேதியிட்ட ஆணையால் அரசு அதற்குத் தடை விதித்தது. இதழ் மாநிலத்துக்குள் வரக்கூடாது. விற்கவோ விநியோகிக்கவோ கூடாது. ராஜபாளையத்துக் கடையில் ஒரு பிரதி தொங்கினாலும் சட்டமீறல்தான். கம்யூனிஸ்ட் கட்சி தடைசெய்யப்பட்டு, சேலம் சிறையில் 22 கைதிகள் சுட்டுக்கொல்லப்பட்ட காலம் அது.

மே 26 அன்று தீர்ப்பு வந்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் பதஞ்சலி சாஸ்திரி. பசல் அலி மட்டும் மாறுபட்டார். அச்சிடும் உரிமை இருந்து, வாசகரிடம் சேர்க்கும் உரிமை இல்லையென்றால் பயனில்லை என்பதே தீர்ப்பின் உயிர்நாடி. அன்றைய அரசியலமைப்பின் 19(2) கூறு, அவதூறு போன்றவை நீங்கலாக, அரசின் பாதுகாப்பைக் குலைக்கும் பேச்சைத் தடுக்கவே இடமளித்தது; சென்னைச் சட்டம் சொன்ன ‘பொது ஒழுங்கு’ அதைவிட மிக விரிந்தது. எனவே 9(1-அ) பிரிவு செல்லாதென்றானது.

வெற்றி நீடிக்கவில்லை என்பது வேதனை. 1951 ஜூனில் நேரு அரசு கொண்டுவந்த முதல் அரசியலமைப்புத் திருத்தம், 19(2)இல் ‘பொது ஒழுங்கு’ என்பதையே சேர்த்துவிட்டது. கட்டுப்பாடு ‘நியாயமானதாக’ இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அப்போது வந்ததே.