பழையனூர்ச் சொல்லும் மதுரை முடியும்

திருச்சிற்றம்பலம்



அம்பத்தூரிலோ ஆவடியிலோ புகைவண்டி ஏறி அரக்கோணம் நோக்கிச் செல்வார்க்குத் திருநின்றவூரும் திருவள்ளூரும் கடந்தபின் திருவாலங்காடு நிலையம் எதிர்ப்படும். மார்கழித் திருவாதிரையன்று இப்பகுதி அன்பர் பலர் குடும்பத்துடன் அங்குச் சென்று, ஐம்பெரும் சபைகளுள் இரத்தினசபையாக விளங்கும் அத்தலத்தில் ஊர்த்துவ தாண்டவப் பெருமானைத் தொழுது, காரைக்காலம்மையாரை நினைந்து கண்ணீர் மல்கி மீள்வர். அத்திருக்கோயிலில் நம்மவர் பெரும்பாலும் நின்று நோக்காத ஒரு செல்வம் உண்டு. அஃது இரண்டாம் இராசாதிராச சோழனின் 12ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1170களின் பிற்பகுதியில், பொறிக்கப்பெற்ற கல்வெட்டு. முடியிழந்து நாடு நீங்கிய மன்னன் ஒருவனை மீண்டும் அரியணையில் ஏற்றலாமா, ஏற்றியபின் அவன் சொல் தவறினால் என் செய்வது என்னும் வழக்கினை அது பேசுகின்றது.

திருப்பணி நிறைவேறித் திருக்குட நன்னீராட்டுக் காணும் இந்நன்னாளில் அரசுரிமைப் பூசல் எதற்கு என்று அன்பர்கள் வினவலாம். காரணம் உண்டு. அடியேன் திருமடத்துப் பாடசாலையில் பயின்ற இளமைக்காலத்து, எம் ஆசிரியர் இவ்வரலாற்றை எடுத்துரைத்து, மாணவரை இரண்டு அணியாகப் பிரித்து, “மதுரை முடி யாருக்கு உரியது?” என்று வாதிடச் செய்தார். அடியேன் குலசேகர பாண்டியன் சார்பில் நின்றேன். உடன்பயின்ற அன்பர் ஒருவர் வீரபாண்டியன் சார்பில் நின்றார். இரண்டு நாழிகை கடந்தும் வழக்கு ஓய்ந்தபாடில்லை. இறுதியில் ஆசிரியர் புன்முறுவல் பூத்து, “நீவிர் இருவரும் வாதிட்ட நேரமெல்லாம் இராமேச்சுரத்தில் விளக்கேற்றியவர் யார்?” என்று கேட்டார். எமக்கு விடை தெரியவில்லை. அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்து.

குழந்தைகள் இருவர்

பூவிருந்தவல்லிக்கு அணித்தாய குன்றத்தூரில் தோன்றிய சேக்கிழார் பெருமான், அநபாயன் எனப்பெற்ற இரண்டாம் குலோத்துங்கன் காலத்துத் திருத்தொண்டர் புராணம் அருளினார் என்பதை யாவரும் அறிவர். அவ்வநபாயனுக்குப்பின் அரசாண்டவன் இரண்டாம் இராசராசன். அவன் மறைந்தபோது அவன் மக்கள் இருவரும் ஓராண்டும் ஈராண்டும் நிரம்பிய பச்சிளங்குழந்தைகளாய் இருந்தனர். மயிலாடுதுறைப் பகுதியில் உள்ள பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு இச்செய்தியைக் கூறுகின்றது.

அந்நாளில் அரசியலைத் தாங்கி நின்றவர் திருச்சிற்றம்பலமுடையான் பெருமானம்பி என்னும் பல்லவராயர். அவர் நம் தொண்டைமண்டலத்துக் காரிகைக்குளத்தூரைச் சேர்ந்தவர். ஆயிரத்தளி அரண்மனையில் இருந்த குழந்தைகளையும் அந்தப்புர மகளிரையும் ஊறு நேராவண்ணம் வேறிடம் கொண்டுசென்று அவர் காத்தார். தம் மக்களுள் ஆளத்தக்கார் இல்லாமையை முன்பே எண்ணிய மன்னன், விக்கிரம சோழனின் பேரனான எதிரிலிப் பெருமாளைக் கங்கைகொண்டசோழபுரத்தினின்று வருவித்து இளவரசாக்கியிருந்தான். பல்லவராயர் அவனுக்கே இராசாதிராசன் என்னும் பெயருடன் முடிசூட்டினார். உடன்கூட்டத்தாரும் நாட்டாரும் ஒருமனப்பட்டு இசைய அது நிறைவேறிற்று. பிறப்புரிமை குழந்தைகளிடத்து இருந்தது. ஆளும் வன்மை வேறிடத்து இருந்தது. இவ்விரண்டையும் இணைத்தது நாட்டாரின் இசைவு. ஆகலின் சோழநாட்டில் அதன்பொருட்டுக் குருதி சிந்தவில்லை. இதனை நினைவிற்கொண்டு மதுரைக்குச் செல்வோம்.

மதுரை வழக்கு

அதே காலத்தில் பாண்டிய மரபினர் இருவர் மதுரை அரியணைக்குப் போட்டியிட்டனர். ஒருவன் பராக்கிரம பாண்டியன். மற்றவன் குலசேகர பாண்டியன். குலசேகரன் மதுரையை முற்றுகையிட, பராக்கிரமன் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட இலங்கை வேந்தன் முதலாம் பராக்கிரமபாகுவிடம் (1153-1186) துணை வேண்டினான். படை வந்து சேருமுன்னரே குலசேகரன் நகரைக் கைப்பற்றிப் பராக்கிரமனையும் அவன் மனைவி மக்களையும் கொன்றான் என்று இலங்கையின் மகாவம்சத் தொடர்ச்சி கூறும். தப்பிப் பிழைத்தவன் இளையமகன் வீரபாண்டியன் ஒருவனே. இலங்காபுர தண்டநாயகன் தலைமையில் இராமேச்சுரத்தில் இறங்கிய படை, அவ்வீரபாண்டியனைத் தேடி வருவித்து மதுரையில் முடிசூட்டிற்று. இப்பொழுது நாடிழந்தவன் குலசேகரன். அவன் சோழநாடு புகுந்து அடைக்கலம் வேண்டினான்.

அடைக்கலம் என்று வந்தவனைக் கைவிடல் தமிழ்மரபு அன்று. பல்லவராயர், குலசேகரனை மீண்டும் மதுரையில் அமர்த்துவதாகவும், இலங்கைத் தண்டநாயகர் தலைகளை மதுரைக் கோட்டை வாயிலில் தைப்பதாகவும் சூளுரைத்து, அவ்வாறே முடித்தார் என்று அவர்தம் கல்வெட்டு மொழிகின்றது. மகாவம்சத் தொடர்ச்சியோ வெற்றி முழுவதும் தம்மவர்க்கே என்று முடிக்கின்றது. வென்றவர் எழுத்து ஒன்றாகவும் எதிர்த்தவர் எழுத்து வேறாகவும் இருத்தல் வரலாற்றில் புதுமையன்று. ஆயினும் இரு சாராரும் உடன்படும் செய்தி ஒன்றுண்டு. ஒரு நாட்டின் அரியணையை இரு பக்கத்தும் பிறநாட்டுப் படைகளே தாங்கி நின்றன என்பதே அது.

இருபத்தெட்டு நாள் வழிபாடு

இப்போரிடையே நேர்ந்த ஒன்றைக் காஞ்சிபுரத்துக்கு அணித்தாய ஆர்ப்பாக்கம் கல்வெட்டு உரைக்கின்றது. இலங்கைப்படை இராமேச்சுரத் திருக்கோயிலின் பொருளைக் கவர்ந்து வழிபாட்டையும் நிறுத்திற்று என்று கேட்டு, எதிரிலிசோழச் சம்புவராயர் நெஞ்சு நடுங்கினார். கௌட நாட்டிலிருந்து வந்த உமாபதிதேவர் என்னும் ஞானசிவ தேவரை அடைந்து, இவ்விடர் நீங்க வழிபாடு ஆற்றியருள வேண்டினார். தேவர் 28 நாள் சிவபூசை இயற்றினார். இலங்காபுரன் முதலானோர் தோற்றோடிய செய்தி அதன்பின் வந்தது. சம்புவராயர் மனமுருகி ஆர்ப்பாக்கத்தையே தேவருக்குக் காணிக்கையாக்கினார்.

இதனைச் சோழர் வெற்றிக்காகச் செய்த பூசை என்று மட்டும் கொள்வார் உளர். அடியேன் அவ்வாறு கருதவில்லை. சம்புவராயர் உள்ளத்தைச் சுட்டது மதுரை முடி யாருக்கு என்னும் வினா அன்று. பெருமானுக்கு ஒருவேளைப் பூசையும் இன்றிப் போயிற்றே என்னும் துயரமே அவரைச் சுட்டது. அரியணைக்கு வழக்கு எழும்போது முதலில் அணைவது கோயில் விளக்கு. எம் ஆசிரியர் கேட்ட வினாவின் பொருள் இதுவே.

நம் பக்கத்துப் பிழையையும் மறைத்தல் கூடாது. பின்னர்ச் சோழர் சார்பில் இலங்கைமேற் சென்ற படை மாதோட்டம் முதலிய ஊர்களை அழித்தது என்று திருவாலங்காட்டுக் கல்வெட்டே பெருமிதத்துடன் கூறும். மாதோட்டம் எவ்வூர்? ஞானசம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் விளங்கும் ஊர் அன்றோ! இராமேச்சுரத்துக்காக அழுத கண்கள் கேதீச்சரத்துக்காகவும் அழுதல் வேண்டும். ஊர் எரியும்பொழுது, எரிப்பவன் நம்மவனா பிறனா என்று கோயிற் கூரை பார்ப்பதில்லை.

பழையனூரார் கண்ட தீர்வு

பல்லவராயர் நோயால் மறைந்தபின் அவர் பொறுப்பினை ஏற்றவர் வேதவனமுடையான் அம்மையப்பன் என்னும் அண்ணன் பல்லவராயர். அவர் ஊர் திருவாலங்காட்டை அடுத்த பழையனூர். பழையனூரின் பெருமையை நம் பகுதியார்க்கு விரித்துரைத்தல் வேண்டா. நீலியின் வஞ்சத்துக்கு அஞ்சி வந்த வணிகனுக்கு உயிர்ப்பிணை நின்று, அவன் இறந்துபட்டான் என்று அறிந்த அளவில் வேளாளர் எழுபதின்மர் தீப்புகுந்த ஊர் அது. ஞானசம்பந்தப் பெருமானும் தம் திருவாலங்காட்டுப் பதிகத்தில் இச்செய்தியைக் குறித்தருளினார். சொன்ன சொல்லுக்காக உயிரையும் ஈந்த ஊரினர்க்கு, சொல் தவறிய மன்னனை எவ்வாறு நடத்துவது என்னும் வழக்கு வந்து வாய்த்தது.

சோழர் துணையால் மதுரை எய்திய குலசேகரன் அந்நன்றியை மறந்தான். இலங்கை வேந்தன் மறைவில் விடுத்த ஓலைக்கும் பரிசிலுக்கும் இசைந்தான். சோழர்பால் அன்புடைய தலைவர்களை வெள்ளாற்றுக்கு வடக்கே போக்கினான். கோட்டை வாயிலில் தைத்திருந்த தலைகளையும் நீக்கினான். நேற்றுவரை இவனை ஓட்டிய இலங்கையே இன்று இவனுக்கு நட்பாயிற்று. நேற்றுவரை காத்த சோழநாடு பகையாயிற்று. ஓலைகள் கைப்பற்றப்பெற்றமையால் வஞ்சம் வெளிப்பட்டது. அண்ணன் பல்லவராயர் ஆராய்ந்து, பராக்கிரம பாண்டியன் மகனாகிய வீரபாண்டியனையே, முன்னர் இலங்கைப்படை முடிசூட்டிய அவ்விளைஞனையே, இப்பொழுது சோழர் சார்பில் மதுரையில் அமர்த்தினார். இப்பணிக்காக அவருக்குப் பழையனூரில் பத்து வேலி நிலம் இறையிலியாக அளிக்கப்பெற்றது.

தந்தையும் தாயும் உடன்பிறந்தாரும் மாண்ட கொடுமையினின்று தப்பிய பிள்ளைக்கு உரிமை மீண்டது அறமே. பாடசாலையில் அடியேனுக்கு எதிர்நின்ற அன்பர் அன்று வலியுறுத்தியதும் அதுவே. அவர் வாதத்தின் வன்மையை இவ்வயதில் ஒப்புகின்றேன். ஆயினும் அறமுடைய முடியும் பிறர் படையின்மேல் நின்றால் நிலைக்குமோ? நிலைத்திலது.

முறை மாறிற்று

வீரபாண்டியனும் பின்னர் இலங்கையின் பக்கம் சாய்ந்தான். 1178இல் பட்டம் எய்திய மூன்றாம் குலோத்துங்கன் அவனை நீக்கி விக்கிரம பாண்டியனுக்கு மதுரையை அளித்தான். பின்னொரு படையெடுப்பில் பாண்டியரின் முடிசூட்டு மண்டபத்தையே இடித்துக் கழுதை ஏர் பூட்டி உழுவித்தான். கொடுத்த கையே இடிக்கவும் செய்தது.

1216இல் பட்டம் ஏறிய மாறவர்மன் சுந்தரபாண்டியன் சோழநாட்டின்மேற் படையெடுத்துத் தஞ்சையையும் உறந்தையையும் எரியூட்டினான். குலோத்துங்கன் நாடு நீங்கினான். பாண்டியன் வீராபிடேகம் செய்துகொண்ட இடம் எது? ஆயிரத்தளி! ஒருகாலத்துப் பச்சிளங்குழந்தைகள் இருவரைப் பல்லவராயர் எடுத்துக் காத்த அதே அரண்மனை. பின்னர்ப் பொன்னமராவதியில் தங்கிய பாண்டியன், முடியிழந்த சோழனை அழைத்து முடியை மீள அளித்து, சோணாடு வழங்கியருளியவன் என்று பெயர் பெற்றான். பிறரை அரியணை ஏற்றிய குடி பிறர் கையால் அரியணை பெற்றது. அடுத்து வந்த மூன்றாம் இராசராசன், சேந்தமங்கலத்தில் கோப்பெருஞ்சிங்கனால் சிறைப்பட்டு, 1231இல் போசளர் படையால் மீட்கப்பெற்றான். 1279க்குப் பின் சோழர் முடி இல்லை. ஒரு நூற்றாண்டில் இத்தனை முறை முடி இறங்கி ஏறிற்று. ஒவ்வொரு முறையும் அதனைத் தாங்கியது அயலார் கை.

உலக வரலாறும் இதற்குச் சான்று பகரும். இங்கிலாந்தில் 1660இல் பாராளுமன்றமே அழைக்க வந்த இரண்டாம் சார்லசு இறக்கும்வரை அரசாண்டான். அவன் தம்பி 1688இல் நாடு நீங்கினான். அவன் வழியினர் 1715இலும் 1745இலும் முடிமீட்க முயன்று தோற்றனர். பிரான்சில் 1815இல் அயல்நாட்டுப் படைகளின் பின்னே திரும்பி வந்த அரசமரபு 1830இல் மீண்டும் நாடு துறந்தது. நேபாளத்தில் 2008இல் முடியாட்சி நீங்கியபின், அது மீளவேண்டும் என்று குரல் எழுப்புவோர் இன்றும் உளர். அங்கும் வழக்கைத் தீர்க்கவேண்டுவோர் அந்நாட்டு மக்களே. மக்கள் இசைவால் வருவது நிலைக்கும். பிறர் வாளால் வருவது அவ்வாளுடன் போகும்.

நமக்கு உரிய பாடம்

நம் நாட்டில் 1971இல் அரசியலமைப்பின் 26ஆம் திருத்தம் முன்னாள் மன்னர்தம் மானியத்தையும் சிறப்புரிமைகளையும் நீக்கிற்று. இன்று கோயிலுக்குக் குடைபிடிக்க வேந்தர் இல்லை. ஊர்மக்களும் நன்கொடையாளருமே குடை பிடிக்கின்றனர். ஆகவே அரசர்க்கு நேர்ந்த நோய் நமக்கும் நேரலாம். பரிவட்டம் யாருக்கு முதலில், திருப்பணிப் பலகையில் எவர் பெயர் மேலே, அறங்காவல் எந்தக் குடிக்கு என்று எழும் வழக்கு, மதுரை முடிக்கு எழுந்த வழக்கினும் சிறியது அன்று. அப்பூசல் மூண்டால் அன்றும் இன்றும் முதலில் வாடுவது காலைச்சந்திப் பூசையே. ஒரு திருக்கோயிலில் முதன்மை பற்றிய பிணக்கால் தேர் பல ஆண்டுகள் நிலையை விட்டு நகராது நின்றதை அடியேன் கண்ணாரக் கண்டு வருந்தியதுண்டு.

உரிமை உடையார் பெருந்தன்மையுடன் விட்டுக்கொடுத்தலும், பொறுப்பு ஏற்றார் ஊராரின் இசைவோடு நடத்தலும், சொன்ன சொல்லைப் பழையனூரார் போலக் காத்தலும் இருப்பின் கோயில் விளக்கு அணையாது. அன்று மதுரை முடிக்குப் போரிட்டோர் அனைவரும் மறைந்தனர். இராமேச்சுரத்தில் பூசை நடக்கின்றது, கேதீச்சரத்தில் நடக்கின்றது, திருவாலங்காட்டிலும் நடக்கின்றது. நிலைத்தது பெருமான் ஆட்சி ஒன்றே. அவ்வாட்சிக்கு வாரிசு வழக்கு இல்லை. அடியார் அனைவரும் அதற்கு உரியர்.

எம் ஆசிரியர் வினாவுக்கு இவ்வயதில் விடை சொல்ல முயல்கின்றேன். இராமேச்சுரத்தில் மீண்டும் விளக்கேற்றியவர், முடி வேண்டாது தொண்டு வேண்டிய பெயர் அறியாத எவரோ ஒருவர். இத்திருக்கோயிலில் நாளை வைகறை விளக்கேற்றப் போகின்றவரும் அவர் மரபினரே. அவருக்கு எண்ணெய் குறைவின்றி அளிப்பீராக.

வாழ்க சீரடியார் எல்லாம்.

திருச்சிற்றம்பலம்